வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?

எங்கள் பக்கம் ஒருவனை ‘வில்லங்கம் பிடிச்ச ஆளு’ என்றால், கிட்டே போகாதே என்று பொருள். பத்திரம் எழுதிப் பிழைத்த எனக்கோ வில்லங்கம்தான் சோறு போட்டது. வயல் வாங்க யார் வந்தாலும் என் முதல் கேள்வி, “வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?”

பதிவு கட்டாயமாவதற்கு முன்பு, ஒரு நிலம் ஏற்கெனவே ஈட்டிலோ ஒத்தியிலோ கிடக்கிறதா என்பதற்கு ஊர்வாய்தான் சாட்சி. 1864-ஆம் வருஷச் சட்டமும், இன்றும் நடப்பிலுள்ள 1908-ஆம் வருஷச் சட்டமும் அதைப் புத்தகத்தில் ஏற்றின. சொத்துப் பத்திரங்களுக்கு 1-ஆம் புத்தகம். ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. கட்டணம் கட்டினால் எவரும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் குமாஸ்தா வருஷவாரியாகப் புரட்டி, கண்டதை எழுதித் தந்ததே வில்லங்கச் சான்று. சர்வே எண் 45 உட்பிரிவாகி 45/2 ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேடவேண்டும். தவறினால் பழைய அடமானம் கண்ணில் படாது.

சான்றைக் கையில் வாங்கியதும் சிலர் பதறுவார்கள். தாங்கள் கிரயம் வாங்கிய பத்திரமே அதில் வில்லங்கமாக நிற்கும். என்றோ அடைத்த கடனும் நிற்கும். அதற்கான ரசீது பதிவாகியிருந்தால் அதுவும் வரும். பதிவான நடவடிக்கை எல்லாமே அங்கே வில்லங்கம்தான்; பட்டியல் நீளமாக இருப்பதாலேயே சொத்து கெட்டதாகிவிடாது.

உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் இதில் வராது. உயில் பதிவானாலும் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். 1-ஆம் புத்தகத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் அது படாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதியாமல், நிலத்தை ஒப்படைத்தே முடிக்கவும் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

அதனால்தான், புத்தகம் வந்து இத்தனை காலமாகியும் கிரயப் பத்திரத்தில் அந்தப் பழைய உறுதிமொழியை எழுதிக்கொண்டே இருக்கிறோம்: சொத்து சர்வ வில்லங்க சுத்தியானது, பின்னால் ஏதும் கிளம்பினால் விற்றவரே சொந்தச் செலவில் தீர்த்துத் தரவேண்டும். வழக்கமான வரிதானே என்று வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். நான் அந்த வரியை விற்பவர் காதில் விழும்படி இரண்டு தரம் வாசிப்பேன். பங்காளி பாக்கி ஏதாவது இருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அவர் வாயைத் திறப்பார்.