ர இல்லாத உலகமொழி

பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் செக்யூரிட்டி படித்த எல்லோருக்கும் கெர்க்ஹாஃப்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். இரண்டு மார்க் கேள்விக்கு உரிய பெயர். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று திருடனுக்கு முழுக்கத் தெரிந்தாலும், சாவி கையில் இல்லையென்றால் கதவு திறக்கக்கூடாது. 1883இல் ராணுவ ரகசிய எழுத்து பற்றி அவர் எழுதிய கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இதுதான். நானும் மனப்பாடம் செய்து எழுதி, மறந்துபோனேன்.

பல வருடம் கழித்து அதே ஒகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸை வேறொரு சண்டையின் நடுவில் பார்த்தபோது வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். இல்லை, அவரேதான். நெதர்லாந்தில் பிறந்து பாரிஸில் மொழி கற்பித்தவர். சண்டை, ஒரு பாதிரியார் உருவாக்கிய மொழியைப் பற்றியது.

அந்தப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர். தென்மேற்கு ஜெர்மனியில் கோன்ஸ்டான்ஸ் பக்கத்தில் லிட்செல்ஷ்டெட்டன் என்ற சின்ன ஊரில் கத்தோலிக்கக் குருவாக இருந்தார். 1879இல் ஒருநாள் இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது முழு இலக்கணமும் மனதில் வந்திறங்கியது என்பது அவர் தரப்புக் கதை. மொழிக்கு அவர் வைத்த பெயர் வோலாப்யுக். ஆங்கிலத்தின் ‘வேர்ல்ட்’ தேய்ந்து ‘வோல்’ ஆயிற்று. ‘ஸ்பீக்’ தேய்ந்து ‘ப்யுக்’ ஆயிற்று. நடுவில் வரும் ‘ஆ’ நம்முடைய ஆறாம் வேற்றுமை. உலகத்தின் மொழி.

ஏன் இப்படித் தேய்க்க வேண்டும்? பாதிக் காரணம், கேட்டால் நியாயமாகவே படும். முன்னாலும் பின்னாலும் ஒட்டுகள் சேர வேண்டும் என்பதால், பெயர்ச்சொல்லின் வேர் மெய்யெழுத்தில் தொடங்கி மெய்யெழுத்தில் முடிய வேண்டும் என்று விதி வைத்தார். மீதிப் பாதி, ‘ர’. சீனர்களுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ர வராது என்று நம்பி, அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒழித்துவிட்டார். ‘ஃப்ரெண்ட்’ ஃப்லென் ஆனது. அமெரிக்கா மேலோப். ரோஜாப்பூவுக்கு அவர் செய்த சொல் ‘லோல்’. இன்றைய வாட்ஸாப் தலைமுறை அதைப் பார்த்தால் சிரித்துவிடும். ஜப்பானியரிடம் இருப்பது ர, இல்லாதது ல என்பதை அவர் யோசிக்கவில்லை.

ரவை எடுத்தவர் மூன்று ஜெர்மன் உயிர்களைக் கொண்டுவந்து வைத்தார், தலையில் இரட்டைப் புள்ளியோடு. தமிழில் அவற்றை எழுத முடியாது, ஆனால் சொல்லிப் பார்க்கலாம். ‘ஊ’ சொல்வதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லுங்கள். ப்யுக்கில் வருவது அதுதான். ‘ஓ’வுக்குக் குவித்து ‘ஏ’ சொன்னால் இன்னொன்று. சீனர்கள் முதலாவதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், மாண்டரினில் அந்த ஒலி உண்டு. திணறியது ஆங்கிலேயர்கள். அந்தப் புள்ளிகளை வைத்தே பத்திரிகைகள் கிண்டலடித்தன.

இலக்கணத்தைப் பார்த்தால் தமிழனுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. டோம், டோமா, டோமே, டோமி: வீடு, வீட்டின், வீட்டுக்கு, வீட்டை. வினையின் முடிவில் ஆள் யாரென்று தெரியும். லேஃபோப், நேசிக்கிறேன், லேஃபோம், நேசிக்கிறான் (லேயை உதடு குவித்துச் சொல்லுங்கள்). நமக்குக் காலம் வினையின் நடுவில் வரும், அவருக்கு முன்னால். ஏலேஃபோப், நேசித்தேன். ஓலேஃபோப், நேசிப்பேன். பாலேஃபோப் என்றால் நேசிக்கப்படுகிறேன். விதிவிலக்கு கிடையாது. கோடு எழுதுகிறவனுக்கு இதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. அடுக்கிக்கொண்டே போனால் ஒரு வினையில் எத்தனை வடிவம் வரும் என்று எண்ணிப் பார்த்தவர்கள்தான் பயந்துபோனார்கள்.

ஆனால் ஜனங்கள் கற்றார்கள். 1884இல் முதல் மாநாடு, 1887இல் மியூனிக்கில் இரண்டாவது. 1889 வாக்கில் இயக்கத்தார் கொடுத்த கணக்கில் 283 சங்கங்கள், 25 இதழ்கள். அந்த வருடம் பாரிஸில் நடந்த மூன்றாம் மாநாட்டில் பரிமாறியவர்கள்கூட வோலாப்யுக்கில் பேசினார்கள் என்பார்கள். ஷ்லையர் அங்கே வரவில்லை.

காரணம் இருந்தது. மியூனிக்கில் மொழிக்கென ஓர் அகாடமி அமைத்து கெர்க்ஹாஃப்ஸை இயக்குநராக்கியிருந்தார்கள். வியாபாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உதவ வேண்டுமென்றால் வினை வடிவங்களைக் குறைக்க வேண்டும், இலக்கணத்தை எளிதாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அகாடமி எதைத் தீர்மானித்தாலும் அதைத் தள்ளுபடி செய்யும் முழு அதிகாரம் தனக்கு வேண்டும் என்றார் ஷ்லையர். மொழி தன் சொத்து என்றே அவர் நினைத்தார். தூக்கம் வராத இரவில் இறங்கி வந்ததை ஒரு கமிட்டி எப்படித் திருத்தும்?

அகாடமி அந்த அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தது. ஷ்லையர் தனக்கு வேண்டியவர்களை வைத்து வேறோர் அகாடமி தொடங்கினார். எதிரி கையில் கிடைத்தாலும் குலையாத அமைப்பு வேண்டும் என்று எழுதிய கெர்க்ஹாஃப்ஸ், நண்பர்கள் கையில் கொடுக்கவே தயங்கும் ஒருவரிடம் வந்து மாட்டியிருந்தார்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கெர்க்ஹாஃப்ஸ் கட்சி. திறந்த மூல மென்பொருளில் பழகியவன் வேறெப்படி யோசிப்பான்? அடுத்து நடந்ததைப் படித்தபின் அவ்வளவு உறுதி இல்லை. திருத்தலாம் என்று கதவு திறந்ததும் ஆளுக்கொரு திருத்தம் வந்தது. 1891இல் கெர்க்ஹாஃப்ஸே விலகினார். அவருக்குப் பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வால்டெமார் ரோசன்பெர்கர் தலைமையில் அகாடமி திருத்தித் திருத்தி, 1902இல் இடியம் நியூட்ரல் என்று ஒன்றை வெளியிட்டது. அது வோலாப்யுக்கே இல்லை, முழுக்க வேறு மொழி. ஷ்லையரின் பயம் வீண் பயமில்லை.

கிட்டத்தட்ட அதே சமயம் வார்சாவில் சாமன்ஹோஃப் இரண்டையும் வேறு வரிசையில் செய்தார். 1887இல் எஸ்பெராண்டோவின் முதல் புத்தகத்திலேயே, மொழி பொதுச்சொத்து, எனக்குத் தனி உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நியூரம்பெர்க்கின் வோலாப்யுக் சங்கம் அடுத்த வருடமே அப்படியே எஸ்பெராண்டோவுக்குத் தாவிவிட்டது. 1894இல் திருத்தங்களை முன்வைத்து ஓட்டுக்கு விட்டார்; வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டார். 1905இல் அடிப்படை விதிகளை இனி யாரும் தொடக்கூடாது என்று மாநாடு முடிவெடுத்தது. ‘யாரும்’ என்பதில் சாமன்ஹோஃபும் அடக்கம். பூட்டு இங்கேயும் உண்டு, ஆனால் பூட்டியது பேசுகிறவர்கள்.

ஷ்லையர் 1912இல் இறந்தார். அவர் மொழியைப் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிய பிறகு, 1931இல் அரீ டி யோங் என்ற டச்சுக்காரர் அதை முறையாகத் திருத்தி எழுதினார். அப்போதும் இயக்கத்தின் தலைவராக இருந்தவரிடம் ஒப்புதல் வாங்கித்தான் செய்தார். ர திரும்ப வந்தது. இரட்டைப் புள்ளிகளை மட்டும் அவர் தொடவில்லை.