ஜீஸ் பெண்டின் ஒட்டுத்துணிப் போர்வைகள்

பல நிறத் துண்டுகள் நெருங்கிக் கிடந்தால் போதும், அதை ஒட்டுத்துணிப் போர்வை என்று சொல்லிவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஆயினும் நிறங்களின் எண்ணிக்கைக்கும் அந்தப் பெயருக்குரிய யோக்கியதைக்கும் அத்தனை நெருங்கிய சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1880களில் அமெரிக்காவின் வசதியுள்ள குடும்பத்து ஸ்திரீகள் பட்டையும் வெல்வெட்டையும் கோணல்மாணலாக இணைத்து, தையலின் மேல் பூவேலை செய்து, கூடத்தில் பிறர் பார்க்க விரித்துவைத்த போர்வைகளுக்காகப் பட்டுக் கம்பெனிகள் துண்டுகளைப் பொட்டலம் கட்டி விலைக்கு விற்றன; அதே காலத்தில், ஒரு முறை வைத்த துணி மறுமுறை வரலாகாது என்ற நியமத்தை ஏற்று நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளைச் சேர்த்தவர்கள், குறைந்த துண்டுகளைத் தோழியரிடம் மாற்றிக்கொண்டு நிறைவு செய்தார்கள். அவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், இல்லாத துணியைத் தேடிப் பெறலாம் என்ற சௌகரியம் இருக்கும்வரையில் அது எஞ்சிய துணியின் கலை ஆவதில்லை. கையிலிருப்பதை மீற வழியே இல்லாத நிலையில்தான் அக்கலை பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். அலபாமா மாகாணத்தில், வில்காக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் சரித்திரம் இதற்குப் போதிய சாட்சியாகும்.

அலபாமா நதி மூன்று பக்கமும் வளைத்து ஓடுவதால் ஏறக்குறையத் தீவாகிவிட்ட அவ்விடத்தில், 1816இல் ஜோசப் ஜீ என்பவர் பருத்திப் பண்ணை ஒன்றை ஸ்தாபித்தார். 1845இல் கடனுக்கு ஈடாக அப்பண்ணை அவருடைய உறவினராகிய மார்க் பெட்வே கைக்கு மாறியது. மறு ஆண்டு பெட்வே வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்தபோது, அவருடைய அடிமைகள் நூறு பேர் அளவில் அத்தனை தூரமும் கால்நடையாகவே அழைத்து வரப்பட்டார்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அவர்களுடைய சந்ததியார் அதே மண்ணில் வாரக் குடிகளாக உழுது வந்தார்கள். எஜமானனின் பெயரே இன்றைக்கும் அவ்வூரில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயராயிருக்கிறது.

1920களில் பருத்தி விலை சரிந்தது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் முன்கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, 1932இல் அவருடைய மனைவி பாக்கிக்காக ஆட்களை அனுப்பினாள்; அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, பன்றி, கோழி, கலப்பை, தானியம் எதையும் விடாமல் அவர்கள் வாரிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவைக் கொண்டுதான் ஊர் உயிர் தரித்தது. பிற்பாடு ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, குடியானவர்களுக்கே கடன் பேரில் கொடுத்தது. பண்ணையாளின் பேரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான விசேஷம் அப்படி நேர்ந்தது.

அதற்கு முந்திய வீடுகள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியவை. இடுக்கு வழியே காற்று புகாதபடி சுவரெங்கும் செய்தித்தாளையும் சஞ்சிகைத் தாளையும் ஒட்டியிருப்பார்கள். அதுவும் போதாமல், குளிர்காலத்தில் ஒரு படுக்கைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல போர்வைகள் வேண்டியிருந்தன. மாவு மூட்டையின் துணி, உரச் சாக்கு, கிழிந்த கவுனில் கெட்டியாக எஞ்சிய பாகம், ஆண்களின் கால்சட்டை ஆகியவை மேல்துணியாயின. அறுவடைக்குப் பின் எஞ்சிய பஞ்சைப் பொறுக்கிவந்து, கோலால் அடித்துப் பிரித்து நடுவில் பரப்பினார்கள். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், தன் மனம்போல், தனியே இணைப்பாள். அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவதற்கு மட்டும் அண்டை வீட்டார் கூடுவார்கள்.

அவ்வூரைச் சேர்ந்த நதானியேல் பெட்வே இறந்தபின், 1942இல் அவர் மனைவி மிஸ்ஸூரி, கணவர் வயலில் உடுத்திய துணிகளையெல்லாம் பிரித்து ஒரு போர்வை தைத்தார். தாய்க்குத் துணையிருந்த மகள் அர்லோன்ஸியா அதைப் பற்றிப் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்; கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள வேண்டுமென்பதே தாயின் விருப்பம். பெரும்பாலும் வெளிறிய நீலமும் சாம்பலும் பழுப்புமாகிய அதில் எண்ணி எடுக்கக்கூடிய சில துணிகளே உள்ளன. ஆயினும் அதைவிட உண்மையான ஒட்டுத்துணிப் போர்வையை நான் அறியேன்.

இவ்வகைப் போர்வைகளைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில், வெயில் படாமல் மறைந்திருந்த நீலம் கரிய சதுரமாகத் தெரிகிறது. முழங்கால் மண்ணில் தேய்ந்த இடம் ஏறக்குறைய வெண்மையாகிவிட்டது. கால்சட்டையின் கால் மேலே அகன்று கீழே குறுகுவதாகையால், அதை அப்படியே பிளந்து வைக்கிறவள் அடுத்ததைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறாள். அப்போதும் தையற்கோடு சாய்ந்தே செல்கிறது. அந்தச் சாய்வைத் திருத்த முற்பட்டால் துணி வீணாகும் என்பதால் அதைத் திருத்துவதில்லை. உருவத்தைத் தீர்மானிப்பதில் தைப்பவளுக்கு எவ்வளவு பாத்தியமோ, அவ்வளவு பாத்தியம் துணிக்கும் இருக்கிறது.

இதனால் அது குருட்டுச் சேர்க்கை என்று கருதுவது பெரும் பிழை. அவ்வூரார் வீட்டுக்கூரை என்று வழங்கும் அமைப்பில் நடுத்துண்டைச் சுற்றிப் பட்டைகள் வரிசையாக வளர்ந்துகொண்டே போகும். ஒரு பட்டைக்குச் சிவப்பு பாதியில் தீர்ந்தால் மிச்சத்தை எந்தத் துணியால் நிரப்புவது, அதற்கு எதிர்ப்புறம் எதை வைத்தால் கண் சமாதானமடையும் என்பது ஒவ்வொரு வரிசையிலும் புதிதாகச் சிந்தித்து முடிவு செய்ய வேண்டியதாகும். மாதிரிச் சித்திரத்தைப் பார்த்து, தேவையான கஜம் கணக்கிட்டு, கடைக்குப் போகிறவருக்கு அந்தச் சிந்தனை வாய்ப்பதில்லை.

1960களில் ஓட்டுரிமை கேட்ட குற்றத்துக்காக இவ்வட்டாரத்துக் கறுப்பின மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆற்றைக் கடந்து காம்டன் நகருக்குச் செல்லும் ஓடம் 1962இல் நிறுத்தப்பட்டு, 2006இல்தான் மீண்டும் விடப்பட்டது. அந்தப் போராட்ட காலத்தில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் போர்வை ஒன்றுக்குப் பத்து டாலராக வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். அதிலிருந்து 1966இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூலியையே காணாத கைகளுக்குப் பணம் கொடுத்த அந்தச் சங்கத்தின் உபகாரம் பெரிது. ஆனால் கடைக்காரர்கள் ஒன்றைப்போல மற்றொன்று இருக்க வேண்டுமென்று கேட்டார்கள். மூலை சதுரமாகவும் தையல் ஒரே அளவாகவும் இருக்க வேண்டியதாயிற்று. அங்கே தைத்தவை செம்மையான சரக்குகளே. வீட்டுப் போர்வையின் சுதந்திரத்துக்கு அவற்றில் இடமில்லை.

1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும்படி சங்கத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. வெட்டி மிஞ்சிய பட்டைகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். கார்டுராய் தடித்த துணி; பொடித்துண்டுகளாக இணைத்தால் தையல் விளிம்பு முண்டிக்கொண்டு நிற்கும். ஆகவே துண்டுகள் பெரிதாயின, கோடுகள் நீண்டன. இழைமயிர் ஒரு திசையில் படிவதால், பட்டையைத் திருப்பி வைத்த மாத்திரத்தில் ஒரே நிறம் இரண்டாகத் தெரிந்தது. 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலையிலும், பிறகு நியூயார்க்கின் விட்னி காட்சிசாலையிலும் இவ்வூர்ப் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, பலர் அவற்றை நவீன ஓவியர்களின் படைப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஓவியனுக்கு எந்த வர்ணமும் கிடைக்கும். இவர்களுடைய கார்டுராய்ப் போர்வைகளில் பொன் மஞ்சளும், செர்ரிப் பழச் சிவப்பும், வெண்ணெய்ப்பழ இலையின் பச்சையும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், சியர்ஸ் தன் தலையணை உறைகளுக்கு அந்த நிறங்களை அனுப்பியதுதான்.