அமைப்புறுப்பும் சொத்தும்: 2011ஆம் ஆண்டு லக்ஷண வாக்கியம் பற்றிய மறுவிசாரணை

தகவல் தொழில்நுட்ப நிர்வாகத்தில் கான்ஃபிகரேஷன் ஐட்டம் என்று வழங்கும் அமைப்புறுப்பு, சொத்து என்னும் பெருவட்டத்துள் அடங்கிய ஒரு சிறுவட்டமே என்பது இத்துறையில் நெடுநாளாக நிலவிவரும் அபிப்பிராயம். அதற்குப் பிரமாணமாகக் காட்டப்படுவது, ஐ.டி.ஐ.எல். தொகுதியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், 'சர்வீஸ் டிரான்சிஷன்' என்னும் நூலில் வரும் ஒரு சிறு பகுதி. அப்பகுதிக்கு இதுகாறும் கொள்ளப்பட்ட பொருள் அதற்கு உரியதன்று என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேவை வழங்கத் துணைபுரியக்கூடிய வளமும் ஆற்றலும் யாவும் சேவைச் சொத்து என்று அப்பகுதி தொடங்குகிறது. அவற்றுள் சேவையின் பொருட்டு நிர்வகித்தாக வேண்டியதே அமைப்புறுப்பு என்று மேலே செல்கிறது. ஒவ்வோர் அமைப்புறுப்பும் மாற்ற மேலாண்மையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று முடிக்கிறது. முன்னை ஆய்வாளர் நடுவாக்கியத்திலேயே நின்றுவிட்டனர். சேவைச் சொத்துக்கு அந்நூல் தரும் உதாரணங்களுள் மூத்த நிர்வாகி ஒருவரின் மனத்திலுள்ள அறிவும் ஒன்று என்பதை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதைத் தேய்மானம் கழித்துப் பேரேட்டில் ஏற்றும் கணக்கர் எவரும் இலர்.

இனி, அந்நடுவாக்கியத்தில் வரும் சொத்தை இருவகையாகக் கொள்ளலாம். கொள்முதல் விலையும் உடைமையும் உள்ள பொருள் என்று குறுக்கிக் கொண்டால், லக்ஷணம், தழுவ வேண்டியதைத் தழுவாது விடும் அவ்வியாப்தி என்னும் தோஷத்துக்கு ஆளாகிறது. ஏனெனில், பிறர் நடத்தும் கிளவுடில் மாத வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர், வாடகை கட்டும் நிறுவனத்தின் ஏட்டில் வெறும் செலவாகவே நின்றபோதிலும், அதன் மென்பொருள் பதிப்பை அனுமதியின்றி மாற்றினால் சேவை நின்றுவிடும் ஆதலால், ஐயத்துக்கிடமின்றி அமைப்புறுப்பாகிறது. 2019 முதல் நடைமுறையிலுள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்னும் கணக்கியல் தரநிலை குத்தகைகளையும் சொத்தாக ஏற்கிறதே எனின், அது இன்ன பொருள் என்று சுட்டத்தக்கதையும் அதன்மீது ஆதிக்கத்தையும் வேண்டுவது. இத்தகைய சர்வருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் இல்லை. நூல் சொல்லும் அகன்ற பொருளையே கொண்டாலோ, வாக்கியம் உண்மையாகிறது, ஆனால் பயனற்றதாகிறது. சகலமும் சொத்தாகிவிட்டபின் அமைப்புறுப்பும் சொத்தே என்பதால் நாம் புதிதாக அறிவது யாது? ஆகவே அமைப்புறுப்பை வரையறுக்கும் பாரம் முழுவதையும் மூன்றாம் வாக்கியமே சுமக்கிறது என்று கொள்வது, நான் அறிந்தவரை, தவிர்க்க இயலாதது.

எண்ணிக்கையும் இதையே காட்டுகிறது. பத்து மெய்நிகர் சர்வர்களைத் தாங்கும் ஒரு பௌதிக சர்வர் கணக்குப் பிரிவுக்கு ஒரே சொத்து; மாற்றங்களுக்கு அனுமதி வழங்குவோருக்கோ பதினோர் அமைப்புறுப்புகள். கிடங்கில் உறையோடு கிடக்கும் மடிக்கணினி முதற்கூறியவர்க்கு முழுச் சொத்து, பிற்கூறியவர்க்கு இன்னும் ஒன்றுமே அன்று. புத்தக மதிப்பு பூஜ்யமாகிவிட்ட பழைய சர்வர், சம்பளப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கும் வரையில், மாற்றக் கட்டுப்பாட்டிலிருந்து ஓர் அணுவும் விடுபடுவதில்லை. சொத்தின் ஆயுள் கொள்முதல் ஆணையில் தொடங்கி அகற்றலில் முடிவது. அமைப்புறுப்பின் ஆயுளை நிர்ணயிப்பது சேவையில் அது வகிக்கும் ஸ்தானம். இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் அடங்குதல் அன்று. ஒரே பொருளைப் பற்றி இருவர் கேட்கும் இருவேறு கேள்விகளின் சம்பந்தம்.

இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்கிறோமே என்னும் ஆட்சேபம் நீண்ட விடைக்குரியதன்று. பதிவு இருக்கும் இடம் பதிவின் இலக்கணத்தை மாற்றாது. 2019இல் வந்த ஐ.டி.ஐ.எல். 4 இவ்விரண்டையும் தனித்தனி நடைமுறைகளாகப் பிரித்துவிட்டபடியால் விவகாரம் தீர்ந்தது என்பாரும் உளர். பிரித்தது உண்மை; நிதி மதிப்பைச் சொத்துக்கும், நிர்வகிக்க வேண்டிய அவசியத்தை அமைப்புறுப்புக்கும் அடையாளமாக்கி, சேவைச் சொத்து என்னும் நடுப்பதத்தை அமைப்புறுப்பின் வரையறையிலிருந்து அது நீக்கியதும் உண்மை. ஆயினும் வட்டத்துள் வட்டம் வரைந்து காட்டும் பழக்கம் மறைந்தபாடில்லை.

என் வாசிப்புக்கு இடர் தரும் உதாரணம் ஒன்று அப்பகுதியிலேயே உண்டு: மென்பொருள் உரிமத்தை அது சொத்தின் கீழும் அமைப்புறுப்பின் கீழும் வைக்கிறது. நூறு பேருக்கு என வாங்கிய உரிமம் ஒரே சொத்து. நிறுவப்பட்ட ஒவ்வொரு பிரதியும் தனித்தனி அமைப்புறுப்பு. நூல் உரிமம் என்றது இவற்றுள் எதை என்பதைத் துணிந்து கூறுவதற்கில்லை; எனினும், மாற்ற அனுமதி கேட்டு வருவது பிரதியேயன்றி அவ்வுரிமை அன்று என்பதால், பிரதியையே கருதியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.