தனியாரா, அரசா? நம்மூர்ப் பள்ளிக்கூடங்களின் கதை



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "டீச்சர், பாப்பாவை ஸ்கூல் சேர்க்கோணும். மெட்ரிக்ல போடலாமா, சிபிஎஸ்இ போடலாமா, இல்ல நம்மூரு பள்ளிக்கூடமே போதுங்களா?" என்று கேட்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதோடு முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திய வாய் இது. எதையும் முதலில் இருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் கண்ணுகளா.

முதலில் ஒன்று. காசு கொடுத்துப் படிக்க வைப்பது புதுப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் முதலில் இருந்ததே தனியார் பள்ளிக்கூடம்தான். அதற்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பெயர். வாத்தியாருக்கு நெல்லோ, கம்போ, காசோ கொடுப்பார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, அப்புறம் ஓலைக்குப் போக வேண்டும்.

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். நம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு அப்போது கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கினாரே, அவரேதான். நம் ஜில்லாவில் 763 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். 1826-ல் மன்றோ இதை வைத்து எழுதிய குறிப்பில், ஜனத்தொகையில் 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் படிக்கிறார் என்று சொன்னார். வீட்டிலேயே படிப்பவர்கள் தனி என்றும் சொன்னார். அந்தக் காலத்துக்கு அது மோசமான கணக்கு இல்லை.

ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் எத்தனை தெரியுமா? 4,540. நூறு பேருக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. காசு கொடுத்துப் படிக்கிற ஏற்பாட்டில் யார் வெளியே நிற்பார்கள் என்பதை இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதற்கப்புறம் 1854-ல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு மானியம் தரலாம் என்ற வழக்கம் அதிலிருந்துதான் வலுப்பட்டது. இன்று "எய்டட் ஸ்கூல்" என்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. 1884-ல் உள்ளாட்சி போர்டுகளுக்குச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு பள்ளி, தாலுகா போர்டு பள்ளி என்றெல்லாம் ஏற்பட்டன. நம்மூர்ப் பெரியவர்கள் இன்றும் "போர்டு ஸ்கூல்" என்று சொல்வது அந்த மிச்சம்தான்.

சுதந்திரம் வந்த பிறகு நடந்த பெரிய சண்டை உங்களுக்குப் பாடத்திலேயே இருந்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. காமராஜர் மந்திரிசபையில் கல்வி இலாகா நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியத்திடம்தான் இருந்தது.

காமராஜர் காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956-ல் மதிய உணவு தொடங்கியது. பிறகு இலவசச் சீருடை வந்தது. 1964 வாக்கில் பள்ளி இறுதி வகுப்பு வரைக்கும் சம்பளம் கிடையாது என்றாயிற்று. நான் படித்ததே அந்தப் புண்ணியத்தில்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற என் அம்மாவுக்கு, மகள் எஸ்எஸ்எல்சி எழுதப்போனது பெரிய அதிசயம்.

அந்தக் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பள்ளிக்கு என்ன குறை என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் கட்டடத்துக்கு நிலம். காரணம் எளிது. தோட்டக்காரர் மகனும் பண்ணையத்து ஆள் மகனும் அதே பள்ளியில்தான் படித்தார்கள். பாகுபாடு இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கூரை ஒழுகினால் இரண்டு பேர் பிள்ளையும் நனையும். அதனால் கூரையைச் சரிசெய்ய ஆள் வந்தது.

பிறகு எப்போது பிரிந்தோம்?

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் முன்பு பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு சில மட்டும் இருந்தன. 1970-களின் நடுவில் அவை பல்கலைக்கழகத்தை விட்டு அரசின் தனி வாரியத்துக்கு வந்தன. 1978-ல் அவற்றுக்கென்று விதித்தொகுப்பும் வந்தது. அதே 1978-ல்தான் பியூசி போய் மேல்நிலைப் பள்ளி வந்தது. 1991-க்குப் பிறகு தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று அரசு முடிவெடுத்தது. அதாவது புதிதாகத் தனியார் பள்ளி தொடங்கினால், பெற்றோரின் பணத்தில்தான் நடத்தியாக வேண்டும்.

அந்தப் பணம் நம் பக்கம் எங்கிருந்து வந்தது? பனியனில் இருந்து. 1980-களில் திருப்பூர் சரக்கு வெளிநாடு போக ஆரம்பித்தது. 90-களில் அது வெள்ளமாக ஓடியது. மழையை நம்பிக் கொறங்காட்டில் மாடு மேய்த்த குடும்பங்களுக்குச் சனிக்கிழமை தோறும் சம்பளம் கையில் வந்தது. இந்தப் பக்கம் காங்கேயத்தில் அரிசி ஆலை, தேங்காய்க் களம், எண்ணெய் மில். எட்டாவதோ பத்தாவதோ படித்தவர்கள் சொந்தமாக யூனிட் போட்டார்கள். வெளிநாட்டு பையர் வந்தால் அவர்களுக்குப் பேச்சு வராது. ஆர்டர் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய இன்னொருவரை நம்ப வேண்டும். "நாம பட்ட கஷ்டம் பையன் படக்கூடாது" என்று இங்கிலீஷ் மீடியம் தேடியது வீண் ஜம்பம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பட்டவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அப்படித்தான் ஊருக்குள் மஞ்சள் வேன் வந்தது. முதலில் வசதியான வீட்டுப் பிள்ளை ஏறியது, அப்புறம் பக்கத்து வீடு. கடைசியில் பிள்ளையை வேனில் ஏற்றாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்ற நிலை வந்தது. ஊர்ப் பள்ளியில் குறை கேட்கக்கூடிய குரல் உள்ளவர்கள் எல்லோரும் வேனில் போய்விட்டார்கள். இருந்தவர்களின் குரல் அலுவலகம் வரை எட்டவில்லை. நம்மூர்ப் பள்ளிகள் நலிந்ததற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான்.

இன்னொன்றும் கண்டேன். சொன்னால் சில வீட்டில் கோபம் வரும், பரவாயில்லை. என் வகுப்பில் ஒரு காலத்தில் பெண் பிள்ளைகள் நிறைய, பையன்கள் குறைவு. "உன் தம்பி எங்கம்மணி படிக்கிறான்?" என்று கேட்டால், "அவன் இங்கிலீஷ் மீடியங்க டீச்சர்" என்று பதில் வரும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பையனுக்கு வேன், பெண்ணுக்கு நடை. மன்றோ கணக்கில் பார்த்தோமே 4,540, அதன் பேத்திகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கு வந்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அடுத்து நாமக்கல் காலம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1984 முதல் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிரமம் என்று 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாம் என்றாயிற்று. ஏற்கனவே வளர்ந்திருந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்கு அது பொற்காலம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகிற பழக்கம் பரவியது. பிராய்லர் பள்ளி என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். நம் காங்கேயம், வெள்ளகோவில் பக்கமிருந்து தோட்டத்தை அடமானம் வைத்துக்கூடப் பிள்ளையை அனுப்பினார்கள். 2017-ல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடமும் கேட்டார்கள். அதே வருடம் மாநில ரேங்க் அறிவிப்பது நின்றது. 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பரீட்சை விதி மாறும்போதெல்லாம் "நல்ல பள்ளி" என்பதும் இடம் மாறியதைக் கவனியுங்கள்.

இடையில் 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரு தொடக்கப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அன்றுதான் பல பெற்றோர் பிள்ளையின் வகுப்பறைக் கூரையை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தார்கள். 2009-ல் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் இவ்வளவுதான் என்று குழு நிர்ணயிக்கும். 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்து ஒன்றானது. மெட்ரிக் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே பாடம் படித்து ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். அப்படியானால் காசு எதற்கு என்று சிலர் யோசிக்கத் தொடங்க, பல பள்ளிகள் சிபிஎஸ்இ போர்டு மாட்டிக்கொண்டன.

2010 ஏப்ரல் 1-ல் கல்வி உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு தரும். ஒரு ஏழைப் பிள்ளைக்கு அது கதவு திறப்பதுதான். அதே சமயம் அரசே பணம் கொடுத்துத் தன் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளையை அடுத்த பள்ளிக்கு அனுப்புகிறதே என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

கொரோனாவில் காற்று கொஞ்சம் திரும்பியது. வேலை போனது, கட்டணம் கட்ட முடியவில்லை. நிறையப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். 2020-ல் மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கும் வந்தது. 2022-ல் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் என்றானது. பையன்களுக்கு 2024-ல்தான் வந்தது. "செலவில்லாமல் படிக்கட்டும்" என்று அரசுப் பள்ளியில் விட்ட அதே பெண் பிள்ளைக்கு இப்போது கூடுதலாக ஒரு வழி திறந்திருக்கிறது. வரலாறு சில நேரம் இப்படியும் கணக்குத் தீர்க்கும்.

சரி, எங்கே சேர்ப்பது? ஒரே பதில் கிடையாது. அரசுப் பள்ளி எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அறுபது பிள்ளைக்குள் இருந்தால் தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பையும் அவர்களே பார்க்க வேண்டும். அது கஷ்டம். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியரும் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இன்னும் பிள்ளைகள் போய்விடும். இந்தச் சுழலில் சிக்கித்தான் 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத சில பள்ளிகளை நூலகமாக்கினார்கள். இப்போது நம் களத்திலும் ஆலையிலும் வேலைக்கு வந்த வடமாநிலத்தார் பிள்ளைகள் சில அரசுப் பள்ளிகளில் அ, ஆ எழுதுகிறார்கள். வெளியூரில் இருந்து வந்த பிள்ளை பிடித்து வைத்திருக்கிற பள்ளியை உள்ளூர்க்காரர் விட்டுவிடுகிறோம்.

முடிவெடுக்கும் முன் இதை மட்டும் செய்யுங்கள்.

1. போர்டையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளையைப் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும்.

2. கழிப்பறையைப் பாருங்கள். பெண் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

3. எத்தனை ஆசிரியர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வருடத்துக்கு வருடம் ஆள் மாறினால் யோசியுங்கள்.

4. தனியார் என்றால் குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். எல்கேஜிக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள், பன்னிரண்டாவது வரை 14 வருடத்துக்குப் போடுங்கள். கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால் அந்தப் பணம் கல்லூரிக்கு இருக்கட்டும்.

5. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். அதில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். வாய் திறந்து கேளுங்கள்.

6. மகனை எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்களோ, மகளையும் அங்கேயே சேருங்கள். இரண்டு பேருக்கும் கட்ட முடியாது என்றால் இரண்டு பேரும் நம்மூர்ப் பள்ளிக்கே போகட்டும்.

நீங்கள் எங்கே சேர்த்தாலும் சரி, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது போய், என்ன குறை என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். உங்களில் யூனிட் வைத்திருப்பவர்களும் ஆலை வைத்திருப்பவர்களும் நிறையப் பேர் உண்டு. ஒரு மின்விசிறி உங்களுக்குப் பெரிய செலவு இல்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் விசாரித்துவிட்டு எழுதுங்கள். இதுதான் உங்களுக்கு வீட்டுப்பாடம்.

வாழ்க வளமுடன்.
உங்கள் வரலாறு டீச்சர், காங்கேயம்.