சீனத்து இலையும் டிக்கோயாக் கொழுந்தும்

டிக்கோயாவிலே ஒரு லயத்துக் காம்பிராவில் விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது சீனதேசத்து நினைவு எவருக்கும் வருவதில்லை. ஆயினும் அந்தக் கோப்பையிலே சீனம் இரண்டு தடவை கலந்திருக்கிறது. ‘தே’ என்பது தென்சீனத்துப் பூக்கியன் மாகாணத்தவர் அந்த இலைக்கு வழங்கிய பெயர். ‘சீனி’ என்பதோ அந்த நாட்டின் பெயரிலிருந்தே பிறந்த சொல். இந்த இலையைப் பின்தொடர்ந்து சென்றால் சீன வரலாற்றின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டுகொள்ளலாம், நேயர்களே.

தாங் வம்சத்துக் காலத்தில், 8ஆம் நூற்றாண்டிலே, லூ யூ என்பவர் தேயிலையைப் பற்றித் தனி நூலொன்றே எழுதினார். அரசு தேயிலைக்கு வரி விதித்தது. அடுத்து வந்த சொங் வம்சத்தார் தேயிலையைக் கொடுத்து எல்லைப்புற மக்களிடம் போர்க்குதிரைகளை வாங்கினர். மிங் வம்சத்தின் முதற் சக்கரவர்த்தி, கட்டியாக அழுத்திய தேயிலைக்குப் பதிலாக உதிரி இலையையே திறையாகச் செலுத்தும்படி 1391இல் ஆணையிட்டார்.

அதே மிங் வம்சத்தின் கடற்படைத் தலைவர் செங் ஹோ நமது தீவுக்கும் வந்தார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவரது கல்வெட்டிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் உள்ளன. தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. காலியிலே மதகுமூடியாகக் கவிழ்ந்து கிடந்த அக்கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

அன்று காணிக்கையோடு கடல் கடந்த சீனத்தை, மஞ்சு வம்சத்தின் காலத்தில் பிறர் கப்பலேறி வந்து நெருக்கினர். தேயிலைக்காகப் பிரித்தானியரின் வெள்ளி கன்டன் துறைமுகத்தில் குவிந்தது. அதை ஈடுசெய்ய அவர்கள் இந்தியாவில் விளைந்த அபினைச் சீனருக்கு விற்றனர். 1839இல் ஆணையாளர் லின் 20,000க்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். போர் மூண்டது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் ஹொங்கொங் பறிபோனது.

அத்தோடு நிற்கவில்லை. செடியும் தொழிலும் சீனரிடமிருந்து வெளியே கொண்டுவரப்பட்டன. அசாமிற்குச் சீனத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். 1848இல் சீனாவுக்குள் புகுந்த றொபேட் போர்ச்சூன், ஆயிரக்கணக்கான கன்றுகளை இமயச் சாரலுக்கு அனுப்பினார். இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, டிக்கோயாப் பள்ளத்தாக்கும் தேயிலைக்கு மாறியது. இங்கே பரவியது பெரும்பாலும் அசாம் இனமே. ஆயினும் இலையை வாட்டி, உருட்டி, உலர்த்தும் கலை சீனரிடமிருந்து வந்ததேயாகும்.

1873இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல். 1890களிலோ கோடிக்கணக்கான இறாத்தல். 1880களின் இறுதியில் பிரித்தானியச் சந்தையில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை முந்தியிருந்தது. இயந்திரங்கள் இதற்குத் துணைநின்றது உண்மையே. ஆனால் கங்காணியின் கடனில் கட்டுண்டு, தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் அற்பக் கூலியும் அந்த மலிவில் அடங்கியிருந்தது. பூக்கியன் விவசாயியின் இழப்பு டிக்கோயாத் தொழிலாளியின் இலாபமாகவில்லை. இருவரது உழைப்பும் இலண்டன் ஏலச்சந்தையிலேதான் விலையாயிற்று.

1911இல் வெடித்த புரட்சியால் மறு ஆண்டு கடைசி மஞ்சு மன்னன் முடிதுறந்தான். 1949 ஒக்டோபர் முதலாந் திகதி பீகிங்கிலே மக்கள் குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே மக்களின் பெயரால் ஆட்சி அமைந்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்திருந்த மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் இங்கே வாக்குரிமையையும் இழந்தனர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சக்கரவர்த்திகளின் பெயர்களும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளும் நூல்களில் உள்ளன. கொழுந்து பறித்தவர்களின் பெயர்களோ பழைய செக்ரோல்களிலும் முதியோரின் நினைவிலுமே எஞ்சியுள்ளன. அவற்றை மறையுமுன் எழுதிவைப்பது நமது கடனாகும்.