ஏழு தந்தி வயலின்: மைசூர் சௌடையாவும் ஒலிபெருக்கிக்கு முந்தைய கச்சேரி மேடையும்

கர்நாடக இசையில் வயலின் இடம்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கியதும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்ததும் பலரும் அறிந்த செய்திகள். அக்கருவியை ஏற்றுக்கொண்ட இசைவாணர்கள் அதன் உருவத்தில் கைவைக்கவில்லை. சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது பாதத்தருகே ஊன்றி வாசிக்கும் முறையையும், நான்கு தந்திகளையும் பாடகரின் ஆதார சட்ஜத்தையொட்டி ச, ப, ச, ப எனச் சுருதி சேர்க்கும் முறையையும் மட்டுமே புதிதாக வகுத்தனர்.

இப்படிச் சுருதி சேர்த்ததில் ஓர் இடர் மறைந்திருந்தது. பாடகர் தாழ்ந்த கட்டையில், அதாவது தாழ்ந்த ஆதார சுருதியில், பாடினால் தந்திகளையும் அதற்கேற்பத் தளர்த்த வேண்டும். தளர்ந்த தந்தியில் நாதம் மெலியும். அரண்மனைக் கூடத்திலும் செல்வர் வீட்டு முற்றத்திலும் இது பெருங்குறையாகத் தெரிந்திராது. சபாக்கள் பெருகி, நூற்றுக்கணக்கானோர் கொட்டகைகளில் திரண்டு கேட்கத் தொடங்கியபோதோ, மிருதங்கத்துக்கும் உரத்த குரலுக்கும் நடுவே வயலின் பின்வரிசைக்கு எட்டாமல் போயிற்று. ஒலிபெருக்கி பரவாத அந்நாளில் இக்குறையைக் கருவிக்குள்ளேயே தீர்க்க முனைந்தவர் மைசூர் டி. சௌடையா.

மைசூருக்கு அருகே, காவிரியும் கபிலையும் கூடும் திருமகூடலு என்ற ஊரில் 1895இல் பிறந்த சௌடையா, மைசூர் அரசவைப் பாடகரான பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் 1910 முதல் 1918 வரை குருகுலவாசம் செய்தார். வாய்ப்பாட்டு வித்துவானிடம் வயலின் மாணவர் எட்டாண்டுகள் பயின்றது கருதத்தக்கது. பாடகரின் மூச்சும் சொற்பிரிப்பும் வில்லுக்குள் வருவதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை எனலாம். குருவின் கச்சேரிகளுக்கே பக்கவாத்தியம் வாசித்து, அதாவது பாடகரைப் பின்தொடர்ந்தும் இடைவெளிகளை நிரப்பியும் துணைநின்று வாசித்து, அவர் மேடை அனுபவம் பெற்றார்.

ஏழு தந்தி வயலின் 1927 வாக்கில் அவர் கைக்கு முழுமையாக வசப்பட்டிருந்தது. வழக்கமான நான்குடன் மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து, ஒரே வில்வீச்சில் முதன்மைத் தந்தியும் துணைத்தந்தியும் சேர்ந்தொலிக்கச் செய்ததே அதன் அடிப்படை. சொல்வதற்கு எளிது, வாசிப்பதற்கு அப்படியன்று. ஒரு விரல் இரு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். இரண்டும் மயிரிழையளவும் சுருதி பிசகலாகாது. ஏறிய இழுவிசையைக் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, தாங்கி நிற்க வேண்டும். கமகங்களின்போது, அதாவது சுரங்களை அசைத்தும் இழைத்தும் வாசிக்கையில், விரல் சறுக்கிச் செல்லும் பாதை முழுவதும் இந்த ஒழுங்கு குலையாமலிருக்க அசாத்தியமான கைவலு வேண்டும். அவர் 19 தந்திகள் கொண்ட கருவியையும் செய்து பார்த்தார் என்பது, இம்முயற்சி ஒரு தற்காலிக ஏற்பாடாக அவருக்குத் தோன்றவில்லை என்பதையே காட்டுகிறது.

இக்கருவிக்குப் பொருத்தமான குரல் செம்பை வைத்தியநாத பாகவதருடையது. அவருடைய வெண்கலக் குரலுக்கு ஈடுகொடுத்துச் சௌடையா வயலினும் பாலக்காடு மணி ஐயர் மிருதங்கமும் வாசித்த கூட்டணி தென்னாடெங்கும் புகழ்பெற்றது. 1943இல் சௌடையா நடித்து வெளிவந்த ‘வாணி’ என்ற கன்னடத் திரைப்படத்திலும் இம்மூவரும் இடம்பெற்றனர்.

துவாரம் வெங்கடசாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை ஆகியோருடன் சௌடையாவையும் சேர்த்து வயலின் மும்மூர்த்திகள் எனக் கூறுவது வழக்கம். மூவரில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது நாயுடுவுக்கு 1941இலும் பிள்ளைக்கு 1948இலும் கிடைக்க, சௌடையாவுக்கு 1957இல்தான் வந்தது. ‘திரிமகுட’ என்னும் முத்திரையுடன், அதாவது இயற்றியவரை அடையாளங்காட்டும் சொல்லுடன், அவர் கீர்த்தனைகளும் இயற்றினார். அம்முத்திரை பிறந்த ஊரின் பெயரிலிருந்து எடுத்தது.

அவருடைய ஏழு தந்தி வழியைப் பின்னாளைய வயலின் உலகம் பரவலாகப் பின்பற்றவில்லை. கமகத்தின் நுணுக்கத்துக்கு ஒற்றைத் தந்தியின் தெளிவே ஏற்றது என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அதைவிட வலிய காரணம் ஒலிவாங்கி. மெல்லிய நாதத்தையும் அது கடைசி வரிசைவரை கொண்டு சென்றதால், கூடுதல் தந்திகளின் உழைப்புக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. 1967 ஜனவரி 19 அன்று சௌடையா காலமானார். அவர் நினைவாகப் பெங்களூரில் 1980இல் எழுந்த அரங்கம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது. அதில் தந்திகள், குதிரை, தந்திகளை முறுக்கும் பிருடைகள், வில் யாவும் கட்டட உறுப்புகளாக அமைந்துள்ளன.