திருவருகைக் காலம்: உள்ளத்தை ஆயத்தம் செய்யும் வழக்கத்தின் வரலாறு

திருவருகைக் காலம் என்பது கிறித்து பிறப்பு விழாவுக்கு முன் கிறித்தவர்கள் தங்கள் உள்ளத்தை ஆயத்தம் செய்யும் வழிபாட்டுக் காலம் ஆகும். 'வருகை' எனப் பொருள்படும் 'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருள்வதையும் உரோமையர் இச்சொல்லால் குறித்தனர். கிறித்தவர்கள் எந்த வருகைக்காக ஆயத்தமாகின்றனர், பெத்லகேமில் நிகழ்ந்த பிறப்புக்கா, உலக முடிவில் வரும் தீர்ப்புக்கா என்னும் கேள்வி இக்காலத்தின் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

நோன்பாகத் தொடக்கம்

இன்றைய பிரான்சு நாட்டின் தூர் நகர ஆயராக 5ஆம் நூற்றாண்டில் இருந்தவர் பெர்பெத்துவஸ். புனித மார்ட்டின் விழாவான நவம்பர் 11 முதல் கிறித்து பிறப்பு விழா வரை, வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருக்குமாறு இவர் ஏற்படுத்தினார் என்று, அவருக்குப் பின் அதே நகரில் ஆயராக இருந்த கிரகோரி எழுதியுள்ளார். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம் திங்கள், புதன், வெள்ளி ஆகியவற்றை நோன்பு நாள்களாக விதித்தது. உடலை ஒறுப்பதே இங்கு ஆயத்தத்தின் வழியாக இருந்தது.

உரோமையின் வழக்கம்

உரோமையில் இக்காலம் நோன்பைவிட வழிபாட்டையே மையமாகக் கொண்டிருந்தது. ஆயினும் தீர்ப்பைப் பற்றிய அச்சம் அங்கும் இல்லாமல் இல்லை. 590இல் திருத்தந்தையான பெரிய கிரகோரி, உலக முடிவின் அடையாளங்களைக் கூறும் லூக்கா நற்செய்திப் பகுதியை விளக்கும்போது, அண்மையில் வீசிய சூறைக்காற்றில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்ததையும் வீடுகள் இடிந்ததையும் மக்களுக்கு நினைவூட்டினார். அழியும் உலகின்மீது பற்று வைக்க வேண்டாம் என்பதே அவர் தந்த அறிவுரை. பின்னர் இரு மரபுகளும் கலந்தன. உரோமை வழிபாட்டில் நான்கு ஞாயிறுகள் நிலைபெற்றன. மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறையில் இன்றும் ஆறு ஞாயிறுகள் உள்ளன.

மூன்றாவது வருகை

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு தம் மறையுரைகளில் புதியதொரு விளக்கம் அளித்தார். கிறித்து மனிதராக வந்தது முதல் வருகை. மாட்சியுடன் வரவிருப்பது இறுதி வருகை. இவ்விரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாமல் மனித உள்ளத்தில் நிகழும் வருகை ஒன்று உண்டு என்றார் அவர். இதனால் ஆயத்தம் என்பது கடந்த நிகழ்வை நினைப்பதோ வருங்காலத்தை அஞ்சுவதோ மட்டுமன்று, ஒவ்வொரு நாளும் நிகழ வேண்டியது என்னும் கருத்து வலுப்பெற்றது.

இன்றைய வழக்கம்

மேற்குத் திருச்சபையில் பழைய நோன்பு காலப்போக்கில் மறைந்தது. கீழை மரபுவழித் திருச்சபைகளில் 40 நாள் நோன்பு தொடர்கிறது. 1839இல் எர்மனியின் ஆம்பர்க் நகரில் லூத்தரன் போதகர் யோகான் இன்றிக் விகேர்ன், ஆதரவற்ற சிறுவர்கள் நாள்களை எண்ணுவதற்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை ஏற்றினார். இன்றைய திருவருகைக்கால மலர்வளையம் அதிலிருந்து வளர்ந்தது.

1969இல் சீரமைக்கப்பட்ட கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டு இக்காலத்தை மகிழ்ச்சியோடு காத்திருக்கும் காலமாக விளக்குகிறது. ஊதா நிற உடை தொடர்கிறது. ஞாயிறு திருப்பலியில் 'வானவர் கீதம்' பாடப்படுவதில்லை. ஆனால், தவக்காலத்தில் விடப்படும் 'அல்லேலூயா' இக்காலத்தில் பாடப்படுகிறது. மனமாற்றம், மகிழ்ச்சி என்னும் இரு பழைய மரபுகளும் ஒரே வழிபாட்டில் இணைந்திருப்பதை இது காட்டுகிறது.